கோட்டின் தடிமனுக்குள் இருக்கும் நிலம்

(ஸ்கேன் செய்த பழைய வரைபடங்களைக் கணினியில் திருத்தக்கூடிய கோடுகளாக மாற்றும் பணியைப் பற்றி, கட்டிடவியல் மாணவர்களும் வரைவாளர்களும் நில அளவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச வந்திருப்பது மிகச் சிறியதாகக் கருதப்படும் ஒரு வேலையைப் பற்றி. பழைய தாள் வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்கிறோம். அந்தப் படத்தை ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் அடியில் போட்டு, அதன் மேல் கோடு கோடாக வரைந்து புதிய வரைபடமாக்குகிறோம். அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே கொடுக்கப்படும் வேலை இது. "சும்மா டிரேஸ் பண்ணிக் கொடுப்பா, சாயங்காலத்துக்குள் முடிச்சிடு" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தச் "சும்மா" என்ற சொல்லைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன்.

என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய பள்ளிக் கட்டிடம் ஒன்றை ஒட்டிப் புதிய வகுப்பறைகள் கட்ட வேண்டியிருந்தது. இருந்த ஆதாரம், மடிப்பு விழுந்த ஒரு நீலப் பிரதி மட்டும். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் வரைந்தது. அதை ஸ்கேன் செய்து மேலே வரைந்து இரண்டு நாளில் முடித்தேன். அச்செடுத்து மூலத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மயிரிழை பிசகவில்லை. பாராட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டிக் கம்பி கட்டும்போதுதான் தெரிந்தது, புதிய தூண் வரிசை பழைய சுவரோடு சேரவில்லை. அரை அடி தள்ளி நின்றது.

திரும்பி வந்து நீலப் பிரதியை விரித்தேன். ஓர் அறையின் அகலம் 12 அடி 6 அங்குலம் என்று எழுதியிருந்ததை யாரோ பேனாவால் அடித்து, 13 அடி என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருந்தார். கட்டும்போது செய்த மாற்றம் அது. எண்ணைத் திருத்தியவர் கோட்டை மாற்றி வரையவில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். ஒரு சுவரை அரை அடி நகர்த்தினால் பாதித் தாளைச் சுரண்டித் திரும்ப மை போட வேண்டும். எண்ணைத் திருத்தினால் போதும் என்பது அன்றைய வழக்கம். எண் கட்டி முடித்த கட்டிடத்தைச் சொன்னது. கோடு அதற்கு முன் இருந்த எண்ணத்தைச் சொன்னது. நான் கோட்டைப் பின்பற்றினேன். இன்னும் வருத்தமான செய்தி, அந்தத் திருத்தத்தை நான் கவனித்தும் இருந்தேன். கோட்டை 12½ அடிக்கு வரைந்துவிட்டு, கணினி தானாகக் காட்டிய அளவை அழித்து, 13 அடி என்று கையால் தட்டச்சு செய்திருந்தேன். என் கண் பார்த்தது, என் கை எழுதியது, நான் படிக்கவில்லை.

அன்று கற்றதுதான் இன்றைய உரையின் சாரம். ஸ்கேன் செய்த வரைபடத்தைக் கோடாக்குவது என்பது, முன்பு ஒருவர் அளந்ததைத் திரும்பப் படிப்பது. மையைப் பார்த்து வரைகிறவர் தாளின் குறைகளையும் சேர்த்து வரைகிறார். எண்ணைப் படித்து வரைகிறவர் இடத்தை வரைகிறார்.

இது ஏன் அப்படி என்று விளங்க, ஸ்கேன் செய்த படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

1957-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை அமைப்பில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் புகைப்படம் ஒன்றைக் கணினிக்குள் செலுத்தினார். அகலத்துக்கு 176 புள்ளி, உயரத்துக்கு 176 புள்ளி. மொத்தம் 30,976 சிறு சதுரங்கள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்ற தகவல் மட்டும். இன்று நம் மேசையில் இருக்கும் ஸ்கேனரும் அதே வேலையைத்தான் செய்கிறது, எண்ணிக்கைதான் பெருகிவிட்டது. ஓர் ஏ-ஜீரோ தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 14 கோடிப் புள்ளிகள் வரும். அந்த 14 கோடியில் ஒன்றுகூட, "நான் ஒரு சுவரைச் சேர்ந்தவன்" என்று சொல்லாது. சுவரின் ஓரமும், காப்பிக் கறையும், மடிப்பின் நிழலும் அதற்கு ஒரே சாதி.

கோடு என்பது வேறு வகை. அதை விளக்க நம் வீட்டு வாசலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா போட்ட கோலம் பிடித்திருந்தால் நம் வீட்டில் என்ன கேட்பார்கள்? "எத்தனை புள்ளி அக்கா?" என்று கேட்பார்கள். "பதினஞ்சு, எட்டு வரைக்கும், இடைப்புள்ளி" என்று பதில் வரும். அவ்வளவுதான். 15 புள்ளியில் தொடங்கி, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் முடியும், ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும். அந்த ஒரு வரியைக் கேட்டவர், சின்ன வாசலிலும் போடலாம், கோயில் முற்றத்திலும் போடலாம். கோலத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கினால் மங்கும். கோலத்தின் கணக்கைப் பெரிதாக்கினால் மங்காது. ராஸ்டர் என்று நாம் சொல்வது புகைப்படம். வெக்டர் என்று சொல்வது கணக்கு. ஆட்டோகேடில் உள்ள ஒரு நேர்கோடு, தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, எந்த லேயர் (அடுக்கு) என்ற சில செய்திகளே.

1963-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் தம் ஆய்வேட்டுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். திரையின் மேல் ஒளிப்பேனாவால் வரையலாம். நம் துறையின் மூலவர் அந்த நிரல்தான். அதில் என்னை வியக்க வைப்பது ஒன்று உண்டு. கோணலாகக் கிறுக்கிவிட்டு, "இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும், இது அதற்குச் செங்குத்து" என்று நிபந்தனை சொன்னால், நிரல் படத்தை அதற்கேற்பச் சீராக்கிக்கொள்ளும். ஆகவே கணினியில் கோடு பிறந்த நாளிலேயே அது பொருளோடு பிறந்தது. ஒரு கோடு எதற்கு இணை, எதைத் தொடுகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதன் உடம்பின் பகுதி. ஆட்டோகேட் 1982-ல் சிறிய கணினிகளுக்கு வந்து, நம் ஊர் அலுவலகங்கள் வரை கணினியில் வரையும் வசதியைப் பரப்பியது. நாம் அதை வைத்துக்கொண்டு, மையின் மேல் மை பூசும் வேலையைச் செய்தால், கருவியின் பாதிப் பலத்தை வீணாக்குகிறோம்.

"அதற்குத்தான் தானாக மாற்றும் மென்பொருள் இருக்கிறதே ஐயா" என்று இளைஞர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், சாம்பல் நிறப் புள்ளிகளைக் கறுப்பு, வெள்ளை என்று பிரிக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் வெள்ளை என்ற வரம்பைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கும் முறையை ஜப்பானின் நொபுயுகி ஒட்சு 1979-ல் வெளியிட்டார். இரண்டாவதாக, தடித்த கோட்டை இருபுறமும் சீவிச் சீவி ஒரு புள்ளி அகல எலும்பாக்க வேண்டும். இதற்கான புகழ்பெற்ற வழிமுறை ஒன்று 1984-ல் ஜாங், சுவன் என்ற இருவர் தந்தது. மூன்றாவதாக, அந்த எலும்பில் ஆயிரம் வளைவுகள் நடுங்கிக்கொண்டிருக்கும். தேவையான முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும். டக்ளஸ், போய்க்கர் ஆகியோர் 1973-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் வரைபடவியலாளர்கள், வரைபடக் கோடுகளில் புள்ளிகளைக் குறைக்கும் தேவையிலிருந்து பிறந்த சிந்தனை அது.

மூன்று படியும் அழகானவை. மூன்றிலும் ஒரே ஒரு குறை. படத்தில் இருப்பது என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் உள்ள பிட்மேப் டிரேஸ் வசதியின் அடியில் இயங்குவது போட்ரேஸ் என்ற நிரல். ஒரு சின்னத்தையோ எழுத்தையோ கொடுத்தால் மிக நேர்த்தியாகச் செய்யும். ஆனால் அது கறுப்புப் பகுதியின் விளிம்பைத் தேடுகிற நிரல். ஒற்றைக் கோட்டைக் கொடுத்தால், கோட்டின் இரு கரையையும் வரைந்து ஒரு மெல்லிய பட்டையாகத் தரும். லோகோவுக்கு அது சரி. வீட்டு வரைபடத்துக்கு அது உதவாது. நடுக்கோட்டைத் தரும் மென்பொருள்களும் உண்டு. அவை அளவு எழுதிய "1" என்ற எண்ணைச் சிறு சுவராக்கும். அம்புக்குறியைச் சுவரோடு ஒட்டிவிடும். கதவின் கால்வட்டத்தை இருபது துண்டு நேர்கோடாக்கும். இரண்டு கோடு சந்திக்கும் செங்கோண மூலையை மழுங்கடிக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 300 டிபிஐயில் ஒரு புள்ளியின் அகலம் 0.085 மில்லிமீட்டர். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்றால் 1:96. அப்படியானால் ஒரு புள்ளி தரையில் 8 மில்லிமீட்டருக்குச் சமம். 9 அங்குலச் சுவர் அந்தப் படத்தில் 28 புள்ளி அகலம். ஒரு புள்ளி இந்தப் பக்கம் போனால் சுவர் 236 மில்லிமீட்டர், அந்தப் பக்கம் போனால் 219. தானியங்கி மாற்றத்தில் ஒரே சுவர் ஓரிடத்தில் இப்படியும் இன்னோரிடத்தில் அப்படியும் வரும். அப்படி ஒரு சுவரை எந்தக் கொத்தனாரும் கட்டியதில்லை. அது 9 அங்குலச் சுவர். செங்கல்லின் அளவு தெரிந்தவருக்கு அது பார்த்த உடனே தெரியும். இந்த அறிவைத்தான் மனிதர் கொண்டுவர வேண்டும்.

இப்போது, கையால் எப்படிச் செய்வது என்று நான் கடைப்பிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனருக்குப் போகும் முன்பே வேலை தொடங்குகிறது. தாளை மேசையில் விரித்து அரை மணி நேரம் படியுங்கள். அளவுத்திட்டம் என்ன, தேதி என்ன, திருத்தங்கள் எங்கே, அடித்து எழுதிய எண்கள் எத்தனை என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். மடிப்பைப் பாரம் வைத்து நீவுங்கள். கோட்டுப் படங்களை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம். அது கோட்டின் ஓரங்களில் தூசு போன்ற கறைகளை உண்டாக்கும். கருவி உருளையில் இழுத்து ஸ்கேன் செய்யும் வகை என்றால், இழுக்கும் திசையில் படம் நீளவோ சுருங்கவோ வாய்ப்புண்டு என்பதை நினைவில் வையுங்கள். தாளே ஈரப்பதத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். அதுவும் இரு திசையிலும் ஒரே அளவில் அல்ல.

அடுத்து, படத்தை ஆட்டோகேடில் இணைத்து உண்மை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் ஒரு கதவின் அகலத்தை வைத்து அளவை நிர்ணயிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 3 அடிக் கதவில் ஒரு சிறு பிசகு, 60 அடிக் கட்டிடத்தில் இருபது மடங்காகும். படத்தில் எழுதப்பட்டிருக்கும் மிக நீளமான அளவைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் வசதியைப் பயன்படுத்தி அந்த இரு முனைகளையும் காட்டி உண்மை நீளத்தைத் தட்டச்சு செய்யுங்கள். அதோடு நின்றுவிடாமல், குறுக்குத் திசையில் இன்னோர் அளவைச் சரிபாருங்கள். நெடுக்கில் சரியாக வந்து குறுக்கில் அரை சதவீதம் தவறினால், 60 அடிக்கு மூன்றரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். அப்படித் தவறினால், படத்தை ரப்பர் போல இழுத்துப் பொருத்தும் வசதி ஆட்டோகேடின் ராஸ்டர் டிசைனில் உண்டு. காசில்லாமல் செய்ய கியூஜிஐஎஸ் என்ற இலவச நிலப்பட மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் உண்டு. நான்கு மூலையும் தெரிந்த புள்ளிகளாகக் கொடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு பிழை மிஞ்சுகிறது என்பதையும் அது காட்டும். அந்த மிச்சத்தைப் பார்க்காமல் ஓகே பொத்தானை அழுத்தக் கூடாது.

பிறகு படத்தைத் தனி லேயரில் வைத்துப் பூட்டுங்கள். பாதி மங்கலாக்குங்கள். அதை எல்லாக் கோடுகளுக்கும் பின்னால் தள்ளுங்கள். சுவருக்கு ஒரு லேயர், கதவு சன்னலுக்கு ஒன்று, அளவுகளுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. "சந்தேகம்" என்ற பெயரில் சிவப்பு நிறத்தில் ஒரு லேயரும் போடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி வரைதல். எழுதிய அளவு இருக்கும் இடத்தில் படத்தின் மேல் கிளிக் செய்யாதீர்கள். அளவைத் தட்டச்சு செய்யுங்கள். ஆர்த்தோ போட்டுச் செங்கோணமாகப் போங்கள். சுவரின் மறுபக்கத்தை ஆஃப்செட் கட்டளையில் 9 அங்குலம் என்று கொடுத்து வரையுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஆப்ஜெக்ட் ஸ்நாப்பால் முனையைப் பிடியுங்கள். கண்ணால் ஒட்டியதுபோலத் தெரிவது பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டியிருக்காது. வளைவை மூன்று புள்ளி காட்டி உண்மையான வில்லாக வரையுங்கள். எழுத்தை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படத்தைப் பார்த்து இடம் குறிக்க வேண்டியது, அளவு எழுதப்படாத பகுதிக்கு மட்டும். வரைந்து முடித்ததும் படத்தின் லேயரை அணைத்துவிட்டு, உள் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். அறைகளும் சுவர்களும் சேர்ந்து வெளி அளவுக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு எண் நம்மிடம் ஏதோ சொல்ல முயல்கிறது. என் பள்ளிக் கட்டிடத்தில் இந்தக் கூட்டலை நான் செய்திருந்தால் போதும், அந்த அரை அடி மேசையிலேயே பிடிபட்டிருக்கும்.

இதுவரை கட்டிடத்தைப் பற்றிப் பேசினேன். இனி நிலத்தைப் பற்றி. இங்குதான் இந்த வேலையின் கனம் முழுதாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. எஃப்.எம்.பி. என்று பத்திர எழுத்தர் முதல் வங்கி வரை எல்லாரும் சொல்வது அதைத்தான். முக்கோணத்தை நம்பி நிலத்தை அளக்கும் மரபு இங்கே ஆழமானது. 1802 ஏப்ரல் 10-ம் நாள் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழு மைலுக்கு மேல் நீளமான ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பெரும் அளவைக்கு அதுதான் தொடக்கம். வயல் அளவிலும் அதே அறிவு வேறு வடிவில் வேலை செய்தது. வயலை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் சங்கிலியால் அளந்தார்கள். வரப்பு வளைந்து போகும் இடங்களில், கோட்டின் மேல் இவ்வளவு தூரம் வந்ததும் செங்குத்தாக இவ்வளவு விலகல் என்று குறித்தார்கள். அந்தக் குறிப்பு ஏணி போலத் தெரிவதால் அதை லேடர் என்று நில அளவர்கள் சொல்வார்கள்.

சங்கிலியின் கணக்கும் அழகானது. எட்மண்ட் கன்ட்டர் 1620-ல் வகுத்த சங்கிலி 66 அடி நீளம், 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஒரு சென்ட் என்பது சரியாக 1,000 சதுரக் கண்ணி. நாம் மனப்பாடமாகச் சொல்லும் 435.6 சதுர அடி என்ற விநோதமான எண் அங்கிருந்துதான் வருகிறது. அளந்தவர்களுக்கு அது முழு எண்ணாகவே இருந்தது.

இப்போது ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கங்கள்: 50, 60, 65, 55 மீட்டர். நடுவே 80 மீட்டர் மூலைவிட்டம். 50-ம் 60-ம் ஒரு புறத்து முக்கோணம், 55-ம் 65-ம் மறு புறத்து முக்கோணம். அளவுகளைப் படித்து வரைகிறவர் முதலில் 80 மீட்டர் கோட்டைப் போடுவார். ஒரு முனையில் 50 மீட்டர் ஆரத்தில் வட்டம், மறு முனையில் 60 மீட்டர் ஆரத்தில் வட்டம். வெட்டும் இடம் வயலின் மூலை. மறுபுறமும் அப்படியே. நம் தாத்தா காலத்துக் கவராயம் செய்த வேலைதான். பரப்பு 3,273 சதுர மீட்டர், அதாவது 81 சென்ட்டுக்குச் சற்றே குறைவு. யார் செய்தாலும், எந்தக் கணினியில் செய்தாலும், அதே விடை.

அதே வயலை ஸ்கேன் படத்தின் மேல் டிரேஸ் செய்கிறவரைப் பாருங்கள். 1:1000 அளவுத்திட்டம் என்று கொள்வோம். மைக்கோட்டின் தடிமன் 0.3 மில்லிமீட்டர். தரையில் அது 30 சென்டிமீட்டர். ஒருவர் கோட்டின் நடுவில் போகாமல் உள் விளிம்பை ஒட்டியே கிளிக் செய்துகொண்டு போகிறார் என்றால், சுற்றளவு 230 மீட்டர் முழுக்க 15 சென்டிமீட்டர் உள்ளே வருகிறார். இழப்பு ஏறக்குறைய 34 சதுர மீட்டர். முக்கால் சென்ட்டுக்கு மேல். 370 சதுர அடி. ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளையைப் படிக்க வைக்கும் அளவுக்கான வீடு அந்தக் கோட்டின் தடிமனுக்குள் காணாமல் போகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் வேலியை நகர்த்தவில்லை. மவுஸ் சற்றே உட்புறமாக நடந்தது, அவ்வளவுதான்.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருளில் நம் புலப்படங்கள் கணினிமயமாகும்போது இந்த லேடர் அளவுகளே உள்ளீடு செய்யப்படுகின்றன. எண்ணிலிருந்து மென்பொருள் படத்தை வரைகிறது. இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தனியார் வேலைகளில், மனைப்பிரிவு போடும்போதும் கடனுக்கு வரைபடம் தரும்போதும், அந்தப் படத்தின் அச்சுப்பிரதியைத் திரும்ப ஸ்கேன் செய்து மேலே கோடு போடுகிற பழக்கம் பரவிக் கிடக்கிறது. அளவுகள் படத்திலேயே எழுதியிருக்கும்போது, அதைப் படிக்காமல் நிழலின் நிழலைப் பிடிப்பானேன்? உட்பிரிவுகள் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இரண்டு உட்பிரிவுக்கும் பொதுவான வரப்பை ஒரே முறை வரையுங்கள். தனித்தனியாக இரண்டு முறை வரைந்தால் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சன்னத் துண்டு உருவாகும், அல்லது இருவருக்கும் சொந்தமான துண்டு உருவாகும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்க அது போதும். முடிவில் எல்லா உட்பிரிவுகளின் பரப்பையும் கூட்டி மொத்தப் பரப்போடு ஒப்பிடுங்கள்.

நண்பர்களே, இந்த வேலையில் ஓர் அறம் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

தாள் தன் ஐயங்களை மறைக்காது. மங்கிய கோடு, அடித்த எண், கிழிந்த மூலை, நடுங்கிய கை எல்லாம் அதில் தெரியும். பார்க்கிறவர், "இங்கே கொஞ்சம் கவனம்" என்று உஷாராவார். நாம் அதைக் கணினியில் வரைந்ததும் எல்லாக் கோடும் ஒரே கூர்மையில் நிற்கும். அளந்து எழுதிய கோடும், நாம் ஊகித்துப் போட்ட கோடும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். நீளத்தைக் கேட்டால் மென்பொருள் எட்டுத் தசமத் தானம் வரை சொல்லும். அந்தத் தசமங்கள் உண்மைக்குச் சாட்சி ஆகாது. நாம் கிளிக் செய்த இடத்துக்கு மட்டுமே அவை சாட்சி. சுத்தமாக வரைந்த தவறு, அசுத்தமாக வரைந்த தவறைவிட அதிகக் கேடு செய்யும், ஏனென்றால் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

அதனால்தான் "சந்தேகம்" என்ற சிவப்பு லேயரைச் சொன்னேன். எண் தெரியாத இடம், இரண்டு எண் மோதும் இடம், படத்தைப் பார்த்து ஊகித்த இடம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். எந்தத் தாளிலிருந்து வரைந்தீர்கள், அதன் தேதி என்ன, எந்த அளவை வைத்து ஸ்கேல் செய்தீர்கள், எந்தெந்தக் கோடு தட்டச்சு செய்த அளவு, எந்தெந்தக் கோடு படத்தின் மேல் கிளிக் செய்தது என்று வரைபடத்தின் ஓரத்திலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள். ஸ்கேன் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஆட்டோகேட் அந்தப் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, இருக்கும் இடத்தை மட்டுமே நினைவில் வைக்கும். வரைபடக் கோப்பை மட்டும் அனுப்பினால் அடுத்தவருக்கு வெற்றுச் சட்டகம்தான் தெரியும். மூலத்தாளைப் பழையது என்று தூக்கிப் போடாதீர்கள். நாளை நம் தவறைக் கண்டுபிடிக்கப் போகிறவருக்கு அதுதான் ஒரே வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, இடத்துக்குப் போக முடிந்தால் போங்கள். ஒரு டேப்பும் ஒரு மணி நேரமும் போதும், சிவப்பு லேயரில் பாதி காலியாகிவிடும்.

வேலை கொடுக்கிற மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதில் தவறில்லை. பழைய வரைபடத்தைப் படிப்பதைவிட நல்ல பயிற்சி இந்தத் தொழிலில் கிடையாது. ஆனால் "சும்மா" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த எண் ஏன் அடிக்கப்பட்டிருக்கிறது, சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு வரைவாளரை உருவாக்கும்.

இந்தத் தாள்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. வெயிலில் சங்கிலி இழுத்து, வரப்பில் கல் நட்டு, அளந்ததை எண்ணாக எழுதிவிட்டுப் போனார்கள். கையெழுத்து மங்கலாம், தாள் சுருங்கலாம், அவர்கள் எழுதிய எண் சுருங்காது. நாளை உங்கள் மேசைக்கு ஒரு பழைய வரைபடம் வரும். மவுஸைத் தொடும் முன் அந்த எண்களைப் படியுங்கள். படித்துவிட்டு வரையுங்கள்.